சிரிப்பும் சீற்றமும்

ஒலிவாங்கி ஒன்றையே துணையாகக் கொண்டு மேடையில் தனித்து நின்று மக்களைச் சிரிக்கச் செய்யும் கலை இன்று நம் நாட்டு நகரங்களில் பெருகியுள்ளது. கைப்பேசி, புகழ், இல்லற உறவு, எதற்கெடுத்தாலும் பொங்கும் பொதுச்சினம் ஆகியவை இக்கலைஞர்கள் எடுத்தாளும் பொருள்கள். இவற்றை எள்ளும் அவர்களே இவற்றால் வாழ்வதும் இவற்றால் வீழ்வதும் உண்டு. மும்பையின் ஹாபிடாட் என்னும் சிற்றரங்கில் பதிவாகி, 2025இல் நாடெங்கும் பேசப்பட்ட இரு நிகழ்ச்சிகள் இதற்குச் சான்று.

முதலாவது, சமய் ரெய்னா நடத்திய ‘இந்தியாஸ் காட் லேட்டன்ட்’. விருந்தினராக வந்த ரன்வீர் அல்லாபாடியா, போட்டியாளர் ஒருவரிடம் பெற்றோரின் தாம்பத்தியம் குறித்து நாணமற்ற வினா ஒன்றைக் கேட்டார். கண்டனம் எழவே அவர் மன்னிப்புக் கோரினார். ரெய்னா நிகழ்ச்சிப் பதிவுகள் அனைத்தையும் நீக்கினார். உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 18 அன்று அப்பேச்சைக் கடிந்துகொண்டு, கைதுக்கு இடைக்காலத் தடையும் வழங்கியது.

இரண்டாவது, குணால் காம்ராவின் ‘நயா பாரத்’. மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயின் கட்சி மாற்றத்தை அவர் பாட்டாகக் கேலி செய்தார். மார்ச் 23 அன்று அது வெளியானதும் கட்சித் தொண்டர்கள் அரங்கை அடித்து நொறுக்கினர். மறுநாள் மாநகராட்சி அதன் ஒரு பகுதியை இடித்தது. காம்ரா மன்னிப்புக் கேட்க மறுத்தார். அவர் 2021 முதல் விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பவராதலின் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, மார்ச் 28 அன்று இடைக்கால முன்பிணை பெற்றார். 1993 வரை கடலூரோடு ஒரே தென்னார்க்காடாக இருந்த மண் அது. வழக்கு நம் வாசலுக்கே வந்ததெனலாம்.

சினங்கொண்ட கூட்டத்திற்கு இவ்விரண்டும் ஒன்றே. திறனாய்வாளருக்கு அவ்வாறன்று. முன்னது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலுள்ள நாணத்தை உடைத்துப் பெற்ற சிரிப்பு. அதனால் எவரும் எவ்வுண்மையையும் காணவில்லை. பின்னது ஆள்வோர் ஒருவரின் பொதுச்செயலைக் குறித்தது. எனினும் அதுவும் குறையற்றதன்று. கட்சி மாறியதைச் சாடுவது துணிவு. அவருடைய தாடியையும் கண்ணாடியையும் ஆட்டோ ஓட்டிய பழைய பிழைப்பையும் இழுப்பது, அத்தொழிலால் உண்ணும் ஏழைகளையும் சேர்த்து இழிப்பதாகும்.

திருவந்திபுரத்தைச் சூழ்ந்த கெடிலக்கரைப் பகுதிக்குத் தெருக்கூத்தின் கட்டியக்காரன் புதியவனல்லன். அரசனின் ஏவலனாக வந்து அரசனையே எள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் அவன் தன்னையும் எள்ளுவான். கேட்போர் முகம் அவன் கண்முன் இருக்கும். எல்லை மீறினால் அங்கேயே மறுமொழி வரும். இன்றோ, சிலநூறு பேர்முன் சொன்ன சொல் துணுக்காக வெட்டப்பட்டு, சூழல் அறியாத கோடிப்பேரை அடைகிறது. கலைஞர்கள் இதனைக் குறைகூறுவது நியாயமே. ஆயினும் அது பாதி உண்மை. அதே துணுக்குகளே அவர்களுக்குப் புகழும் ஈட்டித் தந்தன. கருவி கொணரும் கைத்தட்டலை ஏற்று, அது கொணரும் வினாவை மட்டும் மறுத்தல் இயலாது. வினா என்றோம், வன்முறையை அன்று. அரங்கை உடைத்தவர் எவ்வினாவும் எழுப்பவில்லை.

கர்மேல் மலையில் எலியா, அரசவையின் ஆதரவு பெற்ற பாகாலின் தீர்க்கதரிசிகளை ஏளனம் செய்தார். முள்முடி சூட்டிய போர்ச்சேவகரும் ஏளனமே செய்தனர். வேற்றுமை சிரிப்பில் இல்லை. எவர்மீது அது விழுகிறது என்பதில் உள்ளது.

இவ்வளவுகோல் மேடைக் கலைஞர்க்கு மட்டும் உரியதன்று. நம் அருளுரைகளும் இன்று பதிவாகித் துணுக்குகளாகப் பரவுகின்றன. மருமகளையும் கைம்பெண்ணையும் கருநிறத்தையும் காட்டிச் சபையைச் சிரிக்க வைக்கும் அருளுரையாளர் நம்மிடையே இல்லையா? அச்சிரிப்பின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அதே சபையில் வாய்மூடி அமர்ந்திருக்கிறார். அவர் எழுந்து மறுமொழி கூற முடியாத இடத்தில் நாம் நிற்கிறோம் என்பதை மறவாதிருத்தல், காம்ராவையும் ரெய்னாவையும் மதிப்பிட முற்படும் நமக்கு முதற்கடமையாகும்.