பூக்காத குறிஞ்சி

பூத்த குறிஞ்சியை யார் வேண்டுமானாலும் அடையாளம் காட்டலாம். 2018இல் கொடைக்கானல் பக்கத்துச் சரிவுகள் நீலம் பூசிக் கிடந்தபோது பேருந்து ஜன்னலில் இருந்தே கைநீட்டினார்கள். அடுத்த பெரும்பூப்பு 2030இல். அதுவரை வெறும் பச்சைப் புதராக நிற்கிற செடியைப் பார்த்து ‘இதுதான் குறிஞ்சி’ என்று சொல்லத் தெரிந்தவரே என் கணக்கில் அதன் ரசிகர்.

குறுந்தொகை 3ஆம் பாட்டில் தேவகுலத்தார் இப்படித்தான் பார்த்திருக்கிறார். பூவுக்கு முன்பாகவே அதன் கறுத்த கொம்பைச் சொல்லிவிட்டு நேரே தேனுக்குப் போய்விடுகிறார். பூவின் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. செடியோடு பழகியவரின் பார்வை அது.

கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி தெற்கு வடக்காக இருக்கும். இலை தடிப்பு, ஓரத்தில் நுண்ணிய பற்கள். மேற்புறம் கரும்பச்சை, நரம்புகள் நெருக்கமாக உள்ளழுந்தி ஓடுவதால் மெத்தை தைத்ததுபோல் மேடுபள்ளமாக இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளிறி, மென்மையான ரோமம் விரலில் படும். அந்தத் தொடுகையை ஒருமுறை அறிந்துவிட்டால் பிறகு சந்தேகம் வராது. பழனிமலைத் தாவரங்களைத் தொகுத்து 1999இல் நூலாக்கிய கே.எம். மேத்யூ அடிகளாரைப் போன்றவர்களுக்கு இலையும் தண்டும் ரோமமும் எவ்வளவு முக்கியம் என்பது இங்கே விளங்கும். அழுத்தி உலர்த்திய மாதிரியில் பூவின் நீலம் நெடுநாள் நிற்பதில்லை.

இடத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்கிற இந்த நீலக்குறிஞ்சி வெயிலும் காற்றும் அடிக்கிற புல்வெளிச் செடி. காற்று அறையும் மேட்டில் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும், ஒதுக்கமான மடிப்பில் இன்னும் வளரும். சோலை நிழலில் ஆளுயரம் வளர்ந்து நிற்பவை பெரும்பாலும் இதன் பங்காளிகள். அவற்றுக்குத் தனித்தனிப் பூப்புக் கணக்கு உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் ‘குறிஞ்சி பூத்துவிட்டது’ என்று வருகிற படங்களில் பலவும் அவைதான். அவையும் அழகுதான், ஆனால் வேறு செடி என்று சொல்லிவிட வேண்டும்.

வளர்ப்பதற்கு வருவோம். பூத்துக் காய்த்ததும் குறிஞ்சி மடிந்துவிடும். ஆகவே, பூத்த செடியைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைப்பதில் பயனில்லை. காட்டிலிருந்து பெயர்ப்பது குற்றமும்கூட. 2013 முதல் கொடைக்கானலைச் சூழ்ந்த பழனிமலையின் கணிசமான பகுதி வனவிலங்குச் சரணாலயம். உரிய அனுமதியோடு நாற்றாகப் பெறுவதே வழி. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் தொடங்கிய அறக்கட்டளை, சோலை மரங்களையும் புல்வெளிச் செடிகளையும் நாற்றங்காலில் வளர்த்துக் காட்டியிருக்கிறது. கொடைக்கானல் வீட்டுத் தோட்டமென்றால் தண்ணீர் தேங்காத சரிவு, முழு வெயில், சுற்றிலும் மலைப்புல் போதும். உரம் போட்டுக் கொழுக்க வைக்கத் தேவையில்லை. சமவெளியில் முயலவே வேண்டாம். 1,300 மீட்டருக்கு மேற்பட்ட குளிரும் பனிமூட்டமும் அதற்கு வேண்டும்.

நடுவதைவிடப் பெரிய வேலை, இடத்தைக் காலியாக வைத்திருப்பது. சீகை மரமும் பைனும் யூகலிப்டஸும் புல்வெளியை மூடிய இடங்களில் குறிஞ்சி நிழலில் திணறிப் போயிற்று. தோட்டத்து ஓரத்தில் முளைக்கும் சீகைக் கன்றைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குகிறவர், நாற்று நடுகிறவருக்குச் சமமாகக் குறிஞ்சி வளர்க்கிறார்.

இன்னொன்று. பூ ஓய்ந்தபின் புதர்கள் காய்ந்து, கறுத்து, பார்க்கச் சகிக்காமல் நிற்கும். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று அப்போது வெட்டி எரித்துவிடுகிறார்கள். பூ உதிர்ந்து பல மாதங்கள் கழித்துத்தான் காய் முற்றும். பிறகுதான் வெடித்து விதை தெறிக்கும். 2030இல் பூத்த செடியை 2031 மழைக்காலம் வரை தொடாமல் விட்டுவிடுங்கள்.