பாயிரம் இல்லாத அப்டேட்

இந்தக் கட்டுரையில் நான் விமர்சிக்க எடுத்துக்கொண்டிருக்கும் பிரதி இரண்டே வரி. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் காரின் நடுத்திரையில் வந்து நிற்கும். புதிய மென்பொருள் தயாராக இருக்கிறது. நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது, சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘இப்போது’, ‘பிறகு’. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு சொல் மாறும், தொனி மாறாது.

இதுல விமர்சனம் பண்ண என்ன இருக்குன்னு தோணலாம். ஆனால் இத்தனை பேர் படிக்காமலேயே சம்மதம் சொல்லும் பிரதி நம் காலத்தில் அதிகமில்லை. தாம்பரம் சானடோரியத்திலிருந்து வண்டலூர் வரை ஜிஎஸ்டி ரோட்டில் சாயங்காலம் ஊர்ந்துகொண்டிருக்கும் கார்களில், ‘இப்போது’வைத் தொட்டவர்கள் எத்தனை பேருக்கு என்ன மாறியது என்று தெரியும்? மறுநாள் சேலையூர்ப் பக்கம் ஒரு சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா கறுப்பாக நிற்கும். அப்போதுதான் அந்த இரண்டு வரியை ஒழுங்காக வாசிக்கத் தோன்றும். அதற்குள் அது திரையிலிருந்து போயிருக்கும்.

முதலில் இலக்கணம். மேம்படுத்தப்பட்டுள்ளது, சரிசெய்யப்பட்டுள்ளன: இரண்டும் செயப்பாட்டுவினை. பேச்சுத் தமிழுக்கு இந்த ‘படு’ அவ்வளவாக ஒட்டாது. ‘டம்ளர் உடைக்கப்பட்டது’ என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. ‘உடைஞ்சிடுச்சு’ என்போம், இல்லாவிட்டால் ‘இவன்தான் உடைச்சான்’ என்போம். செய்தவன் பெயரைச் சொல்லாமல் செய்த காரியத்தை மட்டும் சொல்ல அலுவலக மொழி கண்டுபிடித்த வழி இது. அடுத்தது ‘சில பிழைகள்’. எந்தப் பிழைகள்? என் வண்டியில் இருந்தவையா? இதற்கு முன்னால் பிழை இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னார்களா? பிழை இருந்ததை முதன்முதலாக ஒப்புக்கொள்ளும் வாக்கியமே அது தீர்ந்துபோனதாகவும் அறிவிக்கிறது. நமக்குத் தெரியாத ஒரு நோய் நமக்குத் தெரியாமலே குணமாகிவிட்டது என்று நம்பச் சொல்கிறார்கள்.

இந்த மாதிரிப் பிரதியை அளக்கத் தமிழில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. பாயிரம். எவ்வளவு பெரிய நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அதை நூலாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அளவுக்கு நம் இலக்கணக்காரர்கள் அதில் கறாராக இருந்தார்கள். பவணந்தியின் நன்னூல், சிறப்புப்பாயிரத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. எழுதியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைப்பு, சொல்லும் பொருள், யார் கேட்கத் தகுந்தவர்கள், என்ன பயன் என்று எட்டு. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று சொல்வாரும் உண்டு.

அப்டேட்டும் ஒருவர் எழுதி இன்னொருவர் வீட்டுக்குள் அனுப்பும் நூல்தான். இந்தப் பதினொன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் எழுதியது? எந்தப் பழைய பதிப்பிலிருந்து வந்தது? எந்த மாடலுக்கு, எந்த ஆண்டு வண்டிக்கு? எதை மாற்றுகிறது, ஏன் இப்போது? நம் இரண்டு வரியில் ‘பயன்’ மட்டும் மங்கலாகத் தெரிகிறது. மிச்சம் பத்தும் காணோம்.

பாயிரம் இல்லாத இடத்தில் உரை பெருகும். மூலம் எவ்வளவு இருட்டோ அவ்வளவுக்கு உரைகாரருக்கு வேலை. மேற்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கார் ஆக்சசரீஸ் கடை இருக்கிறது. சீட் கவர், ஃப்ளோர் மேட், ஸ்பீக்கர் இவைதான் கடையின் வியாபாரம். ஆனால் இப்போது வருகிறவர்களில் பலர், “அண்ணே, அப்டேட் போட்டதுலேர்ந்து போன் கனெக்ட் ஆவமாட்டேங்குது” என்றபடிதான் இறங்குகிறார்கள். அவர் உடனே எதையும் தொடுவதில்லை. “எதுக்கு சார் அப்டேட் வந்துச்சு? வண்டிக்கா, போனுக்கா, ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆப்புக்கா?” என்று கேட்பார். பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. கேள்வி மிகச் சரியானது. காரின் திரையில் நாம் பார்க்கும் மேப்பும் பாட்டும் உண்மையில் போனில் ஓடுகின்றன. கார் அவற்றைக் காட்டுகிறது, அவ்வளவே. இரண்டு பக்கமும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சொல்லாமல், தூக்கத்தில் மாறிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் பேச்சு முறிந்தால் யார் வார்த்தை மாறினார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் போகும் வரிசைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இழப்பு குறைவானது முதலில். கேபிளை மாற்றிப் பார்ப்பது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் டேட்டாவைக் கடத்தாது. பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்துத் திரையை மட்டும் மறுபடி துவக்குவது. போனிலும் காரிலும் பழைய இணைப்பை இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது. ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மற்றது பழைய உறவையே நினைத்துக்கொண்டிருக்கும். பென் டிரைவ் வழியாகப் போட வேண்டிய அப்டேட் என்றால், அந்த டிரைவ் கார் படிக்கும் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது. ஃபேக்டரி ரீசெட் கடைசிக்கு முன்னால்தான், ஏனென்றால் அது ‘வீடு’ என்று சேமித்த முகவரியிலிருந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது கடைசி. கழற்றினால் கடிகாரம் போகும், சில வண்டிகளில் ஜன்னல் கண்ணாடிக்கு ஒரே தட்டில் ஏறி இறங்கும் பழக்கத்தையே திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் கழற்றவே கூடாது. அரைகுறையாக எழுதப்பட்ட நினைவோடு திரை எழுந்திருக்காமலே போகலாம்.

இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இந்த வரிசையில் இல்லை. அவர் ஒரு பழைய டைரியில் மாடல், பதிப்பு எண், தேதி, என்ன கோளாறு, எது கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். பதினொன்றில் ஆறேழாவது அதில் தேறும். கம்பெனி எழுதாத பாயிரத்தை ஆக்சசரீஸ் கடைக்காரர் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பாயிரத்தின் உறுப்புகள் வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒவ்வொன்றும் இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதற்குக் கார் உலகத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன.

பெயரை எடுத்துக்கொள்வோம். 2022இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், 2014 முதல் 2017 வரையிலான மாடல் மஸ்டா கார்கள் சில, 94.9 எஃப்எம் வானொலியைப் பிடித்ததும் திரை அணைந்து எரிந்து அணைந்து எரிந்து அதிலேயே மாட்டிக்கொண்டன. நிலையம் ஒலியோடு அனுப்பிய படக்கோப்புகளின் பெயருக்குப் பின்னால் வர வேண்டிய வால் விடுபட்டிருந்தது. வந்தது படம் என்று பெயர் சொல்லவில்லை, காருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. மஸ்டாவுக்கு இது புதிதும் அல்ல. ‘99% இன்விசிபிள்’ என்ற பாட்காஸ்டைப் போட்டாலே திரை செத்துப்போன கதை ஒன்று உண்டு. நிரல்மொழியில் % என்பது, இந்த இடத்தில் ஒரு மதிப்பை எடுத்துப் போடு என்ற கட்டளையின் தொடக்கம். தலைப்பைத் தலைப்பாக வாசிக்காமல் கட்டளையாக வாசித்து கார் திணறியது. பிரதியைத் தவறாக வாசித்துச் செயலிழந்துபோகும் வாசகனை இலக்கியத்தில்கூட இவ்வளவு துல்லியமாகக் காட்டியதாக நினைவில்லை.

அடுத்து காலம். 2022 ஜனவரி 1 அன்று பல ஹோண்டா, அக்யூரா கார்களின் கடிகாரம் 2002க்குப் போய்விட்டது. ஜிபிஎஸ் வாரங்களைப் பத்து பிட்டில் எண்ணுகிறது. 1024 வாரம், அதாவது இருபது வருடத்துக்குச் சற்றுக் குறைவு, முடிந்ததும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இது எத்தனையாவது சுற்று என்பதை மென்பொருள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கவனம் தவறியதுதான் காரணமென்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் காட்டினார்கள். இந்த நிரல் எதுவரை செல்லும் என்ற காலக்குறிப்பை யாரும் முன்பக்கத்தில் எழுதி வைக்கவில்லை.

எல்லை இன்னும் முக்கியமானது. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களின் திரைக்குள் 8 ஜிபி நினைவகம் இருந்தது. எழுதி எழுதி அழித்தால் அது தேயும். தேய்ந்ததும் திரை போனது, அதோடு ரிவர்ஸ் கேமராவும் போனது. 2021இல் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பாட்டுப்பெட்டிக் கோளாறாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதுகாப்புக் கோளாறு என்றது. ‘இன்ஃபோடெயின்மென்ட்’ என்ற பெயரே ஒரு வகையில் பொய்தான். பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துவிட்டு, பின்னால் குழந்தை நிற்கிறதா என்று பார்க்கும் கண்ணையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

நல்ல பாயிரத்துக்கும் ஒரு உதாரணம் இருக்கிறது, அது விபத்துக்குப் பிறகு எழுதப்பட்டது என்றாலும். 2023 நவம்பரில் ரிவியன் நிறுவனம் 2023.42 என்ற அப்டேட்டை அனுப்பியது. பல வண்டிகளில் திரை இருண்டது. வண்டி ஓடியது, மற்றதெல்லாம் கறுப்பு. அன்றைக்கே அதன் மென்பொருள் துறைத் தலைவர் தன் பெயரில் பொதுவெளியில் எழுதினார். தப்பு எங்களுடையது, தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு இருந்த தவறான பதிப்பு கைதவறிப் போய்விட்டது, அனுப்புவதை நிறுத்திவிட்டோம், சிலருக்கு நேரில் வந்து சரிசெய்ய வேண்டியிருக்கலாம் என்பது சாரம். ஆக்கியோன், காரணம், களம், எல்லை எல்லாம் வந்துவிட்டன. செயப்பாட்டுவினை தேவைப்படவில்லை. திரை கறுத்துப்போன ஆத்திரத்திலும் எதிரில் ஒரு ஆள் நிற்கிறார் என்று படிப்பவருக்குத் தெரிந்தது.

“இதையெல்லாம் எழுதினா யாருங்க படிப்பாங்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாதுகாப்பு ஓட்டைகளை விவரமாக எழுதினால் திருடனுக்கு வழி சொன்னதாகும் என்பதும் ஓரளவு உண்மை. ஆனால் பாயிரம் என்பது நூல் முழுவதும் அல்ல. எதைத் தொடுகிறோம், எதைத் தொடவில்லை, எவ்வளவு நேரமாகும், அதுவரை எது வேலை செய்யாது என்று சொல்ல ரகசியம் எதையும் உடைக்க வேண்டியதில்லை. வாகன மென்பொருள் புதுப்பித்தல் பற்றிய ஐ.நா. ஒழுங்குமுறை எண் 156, 2021இல் நடைமுறைக்கு வந்தது. அப்டேட்டின் நோக்கம், மாறும் விஷயங்கள், ஆகும் நேரம், அந்த நேரத்தில் கிடைக்காத வசதிகள் இவற்றைப் பயனருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. பவணந்தியைப் படிக்காதவர்களும் அந்தப் பட்டியலுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். இந்தியாவிலும் இதையொட்டி ஏஐஎஸ் 190 என்ற தரநிலை வரையப்பட்டிருக்கிறது. அதன் எழுத்து திரைக்கு வரும்போது நிஜமான வாக்கியங்களாக வருமா, இல்லை இன்னொரு ‘மேம்படுத்தப்பட்டுள்ளது’தானா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கவலை தென்சென்னைப் புறநகருக்குத் தனியாக உண்டு, ஏனென்றால் கார் செய்கிறவர்கள் வந்ததையும் போனதையும் பார்த்த ஊர் இது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் வந்தன. 1980களின் இறுதியில் கம்பெனி முடிந்தது. ஹெரால்டு முடியவில்லை. இன்றும் பழைய கார் ஊர்வலங்களில் வருகிறது. உடைந்த பாகத்தை லேத்தில் கடைந்துகொள்ளலாம், இரும்பைப் பார்த்தால் இரும்பு என்ன செய்கிறது என்று தெரியும். மறைமலைநகரில் ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையோடு கதவை மூடியது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றது. 2024இல் ஏற்றுமதிக்காக ஆலையைத் திறக்கும் விருப்பத்தைத் தமிழக அரசிடம் சொன்னது. நான் ஃபோர்டைக் குறை சொல்ல வரவில்லை. எந்த மாடலும் ஒருநாள் நின்றுபோகும். அப்போது காரின் பக்கம் உறைந்துவிடும், போனின் பக்கம் வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்கும். நடுவில் எழும் ஊமைத்தனத்தை லேத்தில் கடைய முடியாது. மூலத்தை எழுதியவர் ஊரைவிட்டுப் போன பின்னால் மிஞ்சுவது உரைகாரர்தான், அவர் கையிலோ மூலமே இல்லை.

நன்னூலில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியரே எழுதிக்கொள்ளக் கூடாது, தற்புகழ்ச்சி ஆகிவிடும். அவருடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர், இந்த நால்வரில் ஒருவர்தான் எழுத வேண்டும். உரைகாரருக்கு அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். மேற்குத் தாம்பரத்து டைரிக்காரருக்கு எந்தக் கம்பெனியும் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. பதிப்புகளின் வரலாற்றையும் கோளாறுகளின் பட்டியலையும் வெளியில் உள்ள மெக்கானிக்குகளும் பார்க்கட்டும், அவர்கள் கண்டதையும் அதில் எழுதட்டும். நமக்குத் திரையில் ‘இப்போது’, ‘பிறகு’ என்ற இரண்டு பொத்தான் போதாது. ‘என்ன மாறுது?’ என்று ஒன்று வேண்டும், ‘பழையதையே குடு’ என்று இன்னொன்றும் வேண்டும். அதுவரைக்கும் ‘இப்போது’வைத் தொடுவதற்கு முன்னால் பதிப்பு எண்ணை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.