மூன்று துளைகளின் மயக்கம்

அமெரிக்காவின் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் துப்பாக்கியை மேசைமேல் மணல் பைகளில் அமர்த்திச் சுடுவார்கள். ஐந்து குண்டுகளும் முடிந்தவரை ஒரே துளையில் விழ வேண்டும். 1975இல் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கிய 6 பிபிசி தோட்டாதான் அங்கே நெடுங்காலமாகக் கோலோச்சுகிறது. போட்டியில் கடைத் தோட்டாவை அநேகமாக யாரும் சுடுவதில்லை. சுட்ட கூட்டில் புது பிரைமர் (தீமூட்டி) பதித்து, வெடிமருந்து நிரப்பி, குண்டைச் செருகுவது வரை எல்லாம் சொந்தக் கைவேலை.

அதற்கு நியாயம் உண்டு. ஆலைத் தோட்டா ஊரில் அதே அளவுள்ள எல்லாத் துப்பாக்கிகளிலும் நுழைந்தாக வேண்டும். சொந்தமாகச் செய்பவருக்கு அந்தக் கட்டாயமில்லை. ஒருமுறை வெடித்து விரிந்த பித்தளைக் கூடு அந்தத் துப்பாக்கியின் அறைக்கே அளவெடுத்ததாகிவிடுகிறது. அதைத் துளி மட்டும் இறுக்கி மறுபடி பயன்படுத்தினால் குண்டு குழலின் நடுக்கோட்டை விட்டு அதிகம் விலகாது. கூட்டின் கழுத்தைச் சுற்றிலும் ஒரே கனமாகச் சீவுவதும், குண்டு எவ்வளவு ஆழம் அமர வேண்டும் என்று பார்ப்பதும் வீண் வேலையல்ல. நல்ல குழலும் நல்ல குண்டும் சீரான கூடும் அமைந்துவிட்டால் துல்லியத்தின் பெரும்பங்கு கைக்கு வந்துவிட்டது என்பேன்.

தடுமாற்றம் அதன்பிறகுதான். மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் மூன்று தோட்டா சுட்டு, நெருக்கமாக விழுந்த அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்வைக்கு ஆய்வுக்கூட ஒழுங்கு. ஆனால் அச்சு அசலாக ஒரே மாதிரியான முப்பது தோட்டாக்களை மும்மூன்றாகச் சுட்டாலும், பத்துக் குரூப்களில் (துளைக் கொத்துகளில்) பெரியது சிறியதைவிட மூன்று மடங்கு அகலமாக இருப்பது சர்வசாதாரணம். மருந்து செய்ததாக நினைக்கும் வேலையைத் தற்செயலே செய்து முடித்திருக்கும். வேகமானியும் காப்பாற்றாது: மூன்று சூட்டின் வேகங்களில் கணக்கிட்ட திட்டவிலக்கத்தின் உண்மை மதிப்பு அதில் பாதியாகவும் இருக்கலாம், ஆறு மடங்காகவும் இருக்கலாம். இந்தத் தேடலில் தேய்வது குழல்தான். அதன் உச்சத் துல்லியம் சில ஆயிரம் சூடுகளுக்கு மேல் தாங்குவதில்லை.

மருந்தை ஒவ்வொரு மணியாக எடை போடும் பழக்கத்தைத் தூரத்தை வைத்தே எடைபோட வேண்டும். வழக்கமான 6.5 மில்லிமீட்டர் குண்டின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் மாறினால், 100 கஜத்தில் ஏறி இறங்குவது அரை மில்லிமீட்டர். 1000 கஜத்தில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். எஃப்-கிளாஸ் என்னும் நெடுந்தூரப் போட்டியின் 1000 கஜ இலக்கில் பத்துப் புள்ளி வளையமே 25 சென்டிமீட்டர்தான் என்பதால், அங்கே துல்லியத் தராசு தன் விலைக்கு ஈடு செய்கிறது. 100, 200 கஜ பெஞ்ச்ரெஸ்ட்காரர்களோ மருந்தைப் பெரும்பாலும் படியால் அளப்பதுபோல் கொள்ளளவில் அளந்து கொட்டியே வென்று வந்திருக்கிறார்கள். தராசு விற்பவர்கள் இதை விளம்பரப்படுத்துவதில்லை.

ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள்காரர்களுக்கோ சொந்தமாகத் தோட்டா செய்யும் வழியே அடைபட்டிருக்கிறது. .22 ரிம்ஃபயர் தோட்டாவை வீட்டில் நிரப்ப வழியில்லை. எனவே ஈலி, லாபுவா போன்ற நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோய், பிடியில் பூட்டி, ஆலைத் தொகுதி ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். மாற்றிப் பார்க்க அவர்களிடம் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, முடிவெடுக்குமுன் தாராளமாகச் சுடுகிறார்கள்.