கப்பல் நிறுவையும் கொழுந்து நிறுவையும்

நமுனுகுல மலைச்சரிவில் பறித்த தேயிலைக் கொழுந்து மலையில் ஒரு முறை, தொழிற்சாலையில் ஒரு முறை, தூளாகிப் பொதி கட்டுகையில் ஒரு முறை என்று தராசு ஏறியபடியே கொழும்புத் துறைமுகம் போய்ச் சேர்கிறது. அதைச் சுமக்கும் கப்பலை வைக்கத்தான் தராசு கிடையாது. கப்பலின் முன்னும் நடுவிலும் பின்னும் எழுதிய எண்களில் நீர்மட்டம் எங்கே நிற்கிறதென்று பார்த்து, விலகிய நீரின் எடையைக் கணக்கிடுகிறார்கள். அதுவே கப்பலின் எடை. சரக்கேற்றுமுன் ஒரு தடவை, ஏற்றியபின் ஒரு தடவை பார்த்து, எரிபொருளிலும் நிலைநீரிலும் (கப்பலைச் சமநிலையில் வைக்க ஏற்றும் நீர்) வந்த மாற்றங்களைக் கழித்தால் சரக்கின் எடை வரும். அலையடித்தால் சில அங்குலம் தப்பும். பெரிய கப்பலில் அது நூற்றுக்கணக்கான தொன். ஆனாலும் கள்ளக்கணக்கு எழுத இடம் குறைவு.

எவ்வளவு ஏற்றலாம் என்று கப்பலின் பக்கத்தில் நின்று சொல்லும் கோடு அவ்வளவு நேர்மையாகத் தொடங்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சோலின் போராட்டத்தால் 1876இல் பிரித்தானியச் சட்டம் கோட்டைக் கட்டாயமாக்கியது. எங்கே போடுவதென்பதைக் கப்பல் முதலாளியிடமே விட்டது! 1890இல்தான் அந்த இடத்தையும் சட்டம் பிடித்தது. இன்று வெப்பக் கடலுக்கு ஒரு கோடு, குளிர்காலக் கடலுக்கு அதனிலும் தாழ்ந்த ஒன்று. சரக்கு மிஞ்சியதா என்று கரையில் நிற்கும் தொழிலாளியும் பார்த்தறியலாம். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

துறைமுகக் கட்டணத்துக்கான அளவு வேறு. கப்பல்களை அளப்பது பற்றிய 1969 சர்வதேச உடன்பாட்டின் கிரொஸ் டொனேஜ், மூடிய இடங்களின் கன அளவிலிருந்து வருவது, எடையல்ல. திறந்த மேல்தளத்தில் அடுக்கிய கொள்கலன்கள் அதில் சேரா. உள்ளறையைச் சுருக்கி மேலே உயர அடுக்கினால் கட்டணம் மிச்சம். பாதுகாப்புக்கு அது நல்லதல்ல.

கொள்கலனுக்குள் இருப்பதன் எடையோ நெடுங்காலம் அனுப்புபவரின் வாய்ச்சொல்தான். 2007இல் ஆங்கிலக் கால்வாயில் சேதமுற்ற எம்எஸ்சி நப்போலி என்ற கப்பலின் மேல்தளக் கொள்கலன்களை நிறுத்தபோது, ஐந்தில் ஒன்று சொன்ன எடையிலிருந்து 3 தொன்னுக்கு மேல் மாறுபட்டது. சர்வதேச விதிப்படி 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த எடை இல்லாத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக்கூடாது. முழுதாக நிறுக்கலாம், அல்லது உள்ளிருப்பவற்றின் எடையோடு வெற்றுப் பெட்டியின் எடையைக் கூட்டலாம். அந்த வெற்று எடை கதவிலேயே பெரிதாக எழுதியிருக்கும்.

மலையில் நடக்கும் முதல் நிறுவைக்கு இந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று பல தோட்டங்களில் குத்துமதிப்பாகக் கிலோ கழிக்கிறார்கள். கழிப்பவர் தோட்டத்தின் ஆள், இழப்பவர் கொழுந்து பறித்த பெண். மழைநாளில் ஈரத்துக்குக் கழிப்பது நியாயம்தான். வெயில்நாளிலும் அதே கிலோ போவது எந்தக் கணக்கு? வெற்றுச் சாக்கை அவள் கண்முன்னே நிறுத்து, எடையை அதன்மேலேயே எழுதிவைக்க ஐந்து நிமிடம் போதும்.