உப்புநீரை வெல்வது போதாது

குதிரை நொண்டினால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பவற்றுள் மூட்டுத் தேய்மானமும் ஒன்று. குருத்தெலும்பில் இரத்த நாளங்கள் இல்லை. தேய்ந்த இடம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனால்தான் பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா, பதப்படுத்திய சீரம், ஸ்டெம் செல் ஆகியவற்றை மூட்டுக்குள் செலுத்தும் மீளுருவாக்க மருத்துவத்தின்மீது இவ்வளவு நம்பிக்கை. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் குதிரைகளுக்கான ஸ்டெம் செல் மருந்துகளுக்கு அனுமதியும் அளித்துவிட்டது. இவற்றால் பயன் உண்டு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்தப் பயன் குருத்தெலும்பு வளர்வதால் வருவதல்ல, அழற்சி தணிவதால் வருவது. அப்படியானால் அழற்சியைத் தணிக்கும் மற்ற மருந்துகளோடுதான் இவற்றை ஒப்பிட வேண்டும்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் இதற்கு நல்ல சான்று. செயற்கையாக மூட்டுத் தேய்மானம் உண்டாக்கிய குதிரைகளுக்குச் சொந்த இரத்தத்திலிருந்து பதப்படுத்திய சீரத்தைச் செலுத்தியபோது நொண்டல் குறைந்தது என 2007-இல் அங்கிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 2009-இல் அதே முறையில் ஸ்டெம் செல்களைச் சோதித்தபோது, மூட்டு நீரில் அழற்சிப் பொருளொன்று குறைந்ததைத் தவிர, சொல்லும்படியான மாற்றமில்லை. செலுத்திய செல்கள் அழற்சியைத் தணிக்கும் சமிக்ஞைகளைத் தந்துவிட்டு மறைந்துவிடுகின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 2014-இல் வெளியான மற்றொரு ஆய்வைப் பலரும் பெருமையுடன் எடுத்துக்காட்டுகிறார்கள்: பின்கால் முழங்கால் மூட்டில் காயம்பட்டு ஸ்டெம் செல் ஊசி பெற்ற 33 குதிரைகளில் ஏறத்தாழ முக்கால்வாசி வேலைக்குத் திரும்பின. ஆனால் அவற்றுக்கு மூட்டு அறுவையும் நடந்தது, ஓய்வும் படிப்படியான பயிற்சியும் கிடைத்தன. ஸ்டெம் செல் பெறாத ஒப்பீட்டுக் குழுவோ இல்லை. பலனில் எவ்வளவு ஊசிக்குச் சேரும், எவ்வளவு ஓய்வுக்குச் சேரும் என்று யார் பிரித்துச் சொல்வது? ஐரோப்பிய அனுமதிக்கு முந்தைய சோதனையில் ஒப்பீட்டுக் குழு இருந்தது. அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் அந்தக் குழுவுக்குத் தரப்பட்டது வெறும் உப்புநீர். லாயத்தில் எந்த மருத்துவரும் உப்புநீருக்கும் ஸ்டெம் செல்லுக்கும் இடையே தேர்வு செய்வதில்லை. அவர் கையில் இருக்கும் மாற்று, விலை குறைந்த ஸ்டீராய்டு ஊசி.

ஸ்டீராய்டு குருத்தெலும்பை அரிக்கும், அதோடு ஒப்பிடுவதே தவறு என்பார்கள். மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டு சரி. டிரையம்சினோலோன் என்ற மற்றொரு ஸ்டீராய்டுக்கு அது பொருந்தாது. கொலராடோ ஆய்வுகளில் அந்த மருந்து குருத்தெலும்பைக் கெடுக்கவில்லை, காக்கும் போக்கையே காட்டியது. இதைவிட வலுவான வாதங்கள் வேறு இரண்டு உண்டு. இன்சுலின் கோளாறுள்ள குதிரைக்கு ஸ்டீராய்டு தந்தால் குளம்பு அழற்சி வருமோ என்ற அச்சம் இருக்கிறது. பந்தயக் குதிரைகளுக்கு ஸ்டீராய்டைக் கண்டுபிடிக்கும் ஊக்கமருந்துச் சோதனையும் இருக்கிறது. இத்தகைய குதிரைகளுக்குச் சீரமோ பிளாஸ்மாவோ நியாயமான தேர்வு. அதற்காக எல்லா மூட்டுக்கும் அதையே பரிந்துரைக்க முடியாது.

பிளாஸ்மாவில் இன்னொரு சிக்கல்: பிரித்தெடுக்கும் கருவி மாறினால் பிளேட்லெட் அளவும் மாறும், ஒரே பெயரில் வெவ்வேறு மருந்து மூட்டுக்குள் போகும். தேவையான சோதனையின் வடிவம் கடினமானதல்ல. ஒரே மூட்டு, ஒரே ஓய்வுமுறை, ஒரு குழுவுக்கு டிரையம்சினோலோன், மற்றொன்றுக்கு மீளுருவாக்க மருந்து; எந்தக் குதிரைக்கு எது தரப்பட்டது என்று அறியாதவர் ஓராண்டுவரை நடையை அளக்க வேண்டும். மருந்து விற்பவருக்கு இதில் இழப்பே அதிகம் இருக்கலாம். எனவே செலவைப் பந்தய அமைப்புகளும் குதிரை உரிமையாளர்களும்தான் ஏற்க வேண்டியிருக்கும்.