ஒரு நிறுவனத்துக்கு ஓர் அலுவலகமா?

2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்து பயணிகளைத் தவிக்கவிட்டபோது, அந்நிறுவனத்தைக் கண்காணிக்க, இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ எட்டுப் பேர் கொண்ட குழுவை அமைத்தது. குழுவினர் சிலர் குருகிராமில் உள்ள இண்டிகோ அலுவலகத்திலேயே அன்றாடம் இருப்பார்கள் என்று அறிவித்தது. அந்த நிறுவனத்தின் மேற்பார்வைக்குப் பொறுப்பாக இருந்த நான்கு ஆய்வாளர்களைப் பணியிலிருந்து நீக்கியது. இதுதான் கண்டிப்பு என்று பாராட்டுகிறார்கள். பெரிய நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்காவில் இருப்பதுபோல் தனி மேற்பார்வை அலுவலகமே வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. இந்த வாதம் தவறு என்பதே என் நெடுநாள் கருத்து.

தனி அலுவலகத்தால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு நிறுவனத்தின் பராமரிப்புக் கையேடும் பணிமனைப் பழக்கமும் அத்துப்படியான ஆய்வாளர், எப்போதாவது வந்துபோகிறவர் தவறவிடுவதைப் பிடித்துவிடுவார். பல நிறுவனங்களைச் சேர்த்துப் பார்க்கும் வட்டார அலுவலகங்களுக்கும் குறை உண்டு. 1996-இல் வேல்யூஜெட் விமானம் புளோரிடாவின் சதுப்பில் விழுந்து 110 பேர் இறந்தபோது, மளமளவென்று வளர்ந்த ஒரு நிறுவனத்துக்கு ஈடுகொடுக்க, அதை மேற்பார்வையிட்ட அட்லாண்டா வட்டார அலுவலகத்தால் முடியவில்லை என்பது தெரிந்துபோயிற்று.

ஆனால் நெருக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ., சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கென்றே டெக்சஸில் நடத்திய அலுவலகம் அந்த விலையைக் காட்டியது. உடற்பகுதியில் விரிசல் உண்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டிய சோதனையைச் செய்யாமலே சவுத்வெஸ்டின் 46 விமானங்கள் 2006 ஜூன் முதல் பறந்துகொண்டிருந்தன. 2007 மார்ச் 15 அன்று நிறுவனம் தானாகவே வந்து இதைத் தெரிவித்தது. தவறைத் தாமாக ஒப்புக்கொள்பவர்களுக்கு அபராதம் கிடையாது என்பது அங்குள்ள ஏற்பாடு. ஆனால் அந்தத் தவறு உடனே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மார்ச் 23 வரை அந்த விமானங்கள் பயணிகளோடு பறந்தன. அவற்றைத் தரையிறக்கியிருக்க வேண்டிய தலைமைப் பராமரிப்பு ஆய்வாளர், நிறுவனத்தின் அறிவிப்பை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்தார். நிறுவனத்தின் சார்பில் அவரோடு பேசிய விதிமுறை மேலாளர், முன்பு எஃப்.ஏ.ஏ.வில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். பிறகு விமானங்களைச் சோதித்தபோது சிலவற்றில் விரிசல்கள் இருந்தன.

இதை வெளியே கொண்டுவந்தவர்கள் அதே அலுவலகத்தின் ஆய்வாளர்களான பாபி பூட்ரிஸும் டக்ளஸ் பீட்டர்ஸும். 2008 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன பீட்டர்ஸ், முன்னாள் மேலதிகாரி ஒருவர் தம் அறைக்கு வந்து மகனின் புகைப்படத்தைக் கையில் எடுத்ததையும், குடும்பம்தான் முக்கியம், இதைக் கிளறினால் உன் வேலைக்கும் மனைவியின் வேலைக்கும் ஆபத்து என்ற பொருளில் பேசியதையும் விவரிக்கும்போது உடைந்துபோனார்.

ஒருசில அதிகாரிகள் செய்த தவறு இது, அமைப்பைக் குறைசொல்லக் கூடாது என்பார்கள். அப்படியானால் ஆட்கள் போனதும் அலுவலகம் திருந்தியிருக்க வேண்டுமே? 2020 பிப்ரவரியில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமைத் தணிக்கை அதிகாரி அதே அலுவலகத்தைப் பற்றி மறுபடியும் ஓர் அறிக்கை எழுத நேர்ந்தது. வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து சவுத்வெஸ்ட் வாங்கிய 88 பழைய விமானங்கள், பராமரிப்பு ஆவணங்கள் முழுமையாகச் சரிபார்க்கப்படாமலே பறக்க அனுமதிக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும், அதே நிறுவனத்தின் விஷயத்தில் அதே அலுவலகத்தின் கண் மங்கிக் கிடந்தது.

ஒரே நிறுவனத்தின் முகங்களையே ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவருக்கு அந்த நிறுவனத்தின் சிரமம் தன் சிரமமாகிவிடுகிறது. இதற்கு லஞ்சம் தேவையில்லை. விமானத்தை நிறுத்தினால் அட்டவணை என்னாகும் என்று அவரே கவலைப்படத் தொடங்குகிறார். மருந்து தெரியாமலும் இல்லை. தலைமை ஆய்வாளர்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற மசோதா 2008-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் 392-0 என்று நிறைவேறியது. செனட் அதை நிறைவேற்றவில்லை. எஃப்.ஏ.ஏ.வை விட்டுப் போகும் ஆய்வாளர் தாம் கண்காணித்த நிறுவனத்தின் சார்பில் எஃப்.ஏ.ஏ.வோடு பேசும் பொறுப்பை இரண்டாண்டுகள் ஏற்கக் கூடாது என்ற விதி வந்தது. கட்டாய இடமாற்றம் வரவில்லை. அதாவது வாசலைப் பூட்டினார்கள், வீட்டுக்குள் இருக்கும் உறவைத் தொடவில்லை.

இங்கே நிலைமை இன்னும் மோசம். டிஜிசிஏவின் 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரம்பியிருப்பதை 2025-இல் நாடாளுமன்றக் குழு சுட்டிக்காட்டியது. விமானி ஆய்வாளர்கள் பெரும்பாலும் விமான நிறுவனங்களிலிருந்தே ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அவர்கள் திரும்பிப் போகவேண்டிய இடமும் அதுதான். இப்படிப்பட்டவர்களை நிறுவனத்தின் அலுவலகத்துக்குள்ளேயே உட்காரவைப்பதும், நெருக்கடி வந்ததும் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்புவதும் கண்டிப்பு ஆகாது.

டிசம்பர் நெருக்கடிக்கு வழிவகுத்த, விமானிகளின் பணிநேர விதியின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் முதல் தேதி எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாகத்தான் அமலானது. மற்றவர்கள் ஓரளவு சமாளித்தார்கள், இண்டிகோ தடுமாறியது. எல்லா நிறுவனங்களின் பணிப்பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒரே குழு இருந்திருந்தால், எந்த நிறுவனத்தில் விமானிகள் போதவில்லை என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஒரு நிறுவனத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஒப்பீடு கிடைக்காது.

எனவே அலுவலகங்களை நிறுவனவாரியாகப் பிரிக்காமல் பொருள்வாரியாகப் பிரிக்க வேண்டும். பணிநேரத்துக்கு ஒரு குழு, பராமரிப்புக்கு ஒரு குழு, பயிற்சிக்கு ஒரு குழு. ஒவ்வொன்றும் எல்லா நிறுவனங்களையும் பார்க்கட்டும். யாரும் ஐந்தாண்டுக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கோப்பைத் தொடக்கூடாது. விமானத்தை நிறுத்தும் அதிகாரம், நிறுவனத்தோடு தினமும் பழகாதவர் கையில் இருக்கட்டும். குருகிராமில் போட்ட நாற்காலிகளை டிஜிசிஏ தன் கட்டடத்துக்கே திரும்ப எடுத்துவர வேண்டும்.