வாரி இறைக்கும் கனியும் கையில் கொடுக்கும் கனியும்

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் கோலத்தில் சிவபெருமான் வீதியுலா வரும்போது, மாடிகளில் நிற்பவர்கள் மாம்பழங்களைக் கீழே வாரி இறைக்கிறார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் செலுத்தும் நேர்த்திக்கடன் இது. கிடைத்த கனியை உண்டால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்ற நம்பிக்கையில் கீழே பலர் முண்டியடித்துப் பிடிக்கிறார்கள். கொடை எப்போது அறமாகிறது என்ற கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான வழக்கம் அரிது.

வழக்கத்தின் வேர் காரைக்கால் அம்மையாரின் வரலாறு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரித்துப் பாடினார். வணிகன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. பின்னாளில் காரைக்கால் அம்மையார் என்று அழைக்கப்பட்ட மனைவி புனிதவதியார் ஒரு கனியைச் சோற்றோடு வைத்து அவருக்கு அமுது படைக்கிறார். பிறகு கணவன் மற்ற கனியை உண்டு, சுவை பிடித்துப்போய் இன்னொன்றும் கேட்கிறான். புனிதவதியார் இறையருளால் தம் கைக்கு வந்த கனியைப் பரிமாறுகிறார். சுவை வேறாக இருக்கவே, இது எங்கே கிடைத்தது என்று அவன் கேட்கிறான்.

இந்த இடம்தான் கதையின் நெருக்கடி. அருளை வெளியே சொல்வது தகாது. கணவனிடம் மறைப்பதும் தகாது. இரண்டு கடமைகள் மோதுகின்றன, புனிதவதியார் உண்மையைச் சொல்கிறார். செயலின் சரி தவறு கடமையில் இருக்கிறது, விளைவில் இல்லை என்று 1785இல் எழுதிய இமானுவேல் காண்ட் இதை ஏற்றிருப்பார். ஆனால் விளைந்தது என்ன? மனைவியின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய கணவன் கடல் வணிகம் போவதாகச் சொல்லிக் கப்பலேறி, பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்துகொள்கிறான். பெந்தாமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் வகுத்த பயன்வழிக் கொள்கை இந்த இழப்பைக் கணக்கில் சேர்க்கும். கடமைக் கொள்கையில் அதற்கு இடமில்லை. அந்தக் கொள்கையின் பெரிய குறை அது. பயன்வழிக் கொள்கைக்கும் குறை உண்டு: விளைவு தெரியாத நொடியில் ஒருவர் எப்படி முடிவெடுப்பது என்பதற்கு அதனிடம் தெளிவான விடை இல்லை.

இனி வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். பயன்வழியில் பார்த்தால் ஊர் முழுக்க மகிழ்ச்சி. கூடவே நெரிசல், மிதிபட்டு வீணாகும் பழம். கடமைவழியில் நேர்த்திக்கடன் வாக்குத் தவறாமை. அரிஸ்டாட்டில் இவற்றைவிட நுட்பமாகக் கேட்பார். உரியவருக்கு, உரிய அளவில், உரிய நேரத்தில் கொடுப்பதே வண்மை என்பது அவர் கொள்கை. மாடியிலிருந்து விழும் கனி உரியவரைத் தேடிப் போவதில்லை. உயரமும் கைவலிவும் உள்ளவரிடம் போய்ச் சேர்கிறது. திருக்குறளின் ஈகை அதிகாரமும் வறியவருக்குக் கொடுப்பதையே ஈகை என்கிறது. கைம்மாறு கருதிய கொடையை அதில் சேர்ப்பதில்லை. பிள்ளைவரம் பெற்றதற்கு ஈடாக இறைக்கும் பழம் அந்த அளவுகோலுக்கு முழுதாக எட்டாது.

எனினும் வாரி இறைப்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. கையேந்தும் கூச்சம் இங்கே யாருக்கும் இல்லை. உலா வரும் இறைவனே பிச்சையேற்கும் கோலத்தில் வருகிறான். கனி பிடிப்பவர் எந்தச் சாதி, வசதி உள்ளவரா இல்லாதவரா என்று எவரும் கேட்பதில்லை. இரப்பதன் இழிவை இரவச்சம் என்று தனி அதிகாரமாக்கிய மரபில், பெறுபவரின் மானம் காக்கும் கொடை எளிதில் கிடைப்பதன்று.

ஆனால் அம்மையாரின் செயல் இதிலிருந்து வேறுபட்டது. அவர் எதிரே நிற்பவரின் பசியைப் பார்த்தார், உண்ண உட்கார வைத்தார், கையால் படைத்தார். உலாவுக்குப் பிறகு நடக்கும் அமுது படையல் அந்த நிகழ்ச்சியை நினைவுகூர்கிறது. அறத்தின் அளவில் இறைத்தலைவிடப் படைத்தலே உயர்ந்தது. நேர்த்திக்கடன் செலுத்துவோர் கூடையில் ஒரு பங்கை ஒதுக்கி, கூட்டத்துக்குள் நுழைய முடியாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்கள் இருக்கும் இடம் தேடிச் சென்று கையில் கொடுக்க வேண்டும்.